காய்ந்த இறாலில் ஒரு நட்சத்திரம்

9 மார்ச் 1976

காலையிலிருந்து மழை. சம்பலுக்காகக் காய்ந்த இறாலை முறத்தில் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். பிரிஞ்சாங் டவுன் கடையில் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. கை போன போக்கில் கிள்ளிக்கொண்டிருந்தபோது விரலில் ஏதோ குத்தியது.

இறால் இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வட்டு. அதிலிருந்து நூல் போல ஐந்து கைகள். இரண்டு முழுசு, மூன்று பாதியில் ஒடிந்தவை. ஓரமெல்லாம் முள்.

"கல்லு கெடக்கான்னு பாத்துப் பொறுக்கும்மா," என்றார் அத்தை அடுப்படியிலிருந்து. கல் என்று தூர எறிந்திருக்கலாம். எறியவில்லை. காலித் தீப்பெட்டியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மதியம் அவர் லோரியில் கோஸ் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குக் கிளம்பினார். "வரேன்" என்றார். "ம்" என்றேன். நவம்பரிலிருந்து எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான்.

11 மார்ச்

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இன்று நான் பார்த்தது சளி ஸ்லைடு பதினொன்று, மலம் நாலு. முடித்துவிட்டுப் பார்த்தேன், மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் பழனியப்பன் ஐயா தொழிலாளர் லைன் வீடுகள் பக்கம் போயிருந்தார். தீப்பெட்டியை எடுத்து, பீங்கான் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அந்தப் பிராணியை மிதக்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கைகள் இளகின. தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி.

மைக்ராஸ்கோப்பில் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் வெறும் கறுப்பு உருவம்தான் தெரிந்தது. டார்ச்சை எடுத்துப் பக்கவாட்டில் பிடித்தேன்.

அம்மாடி.

கண்ணாடி. ஒவ்வொரு முள்ளும் ஒரு கண்ணாடிக் குச்சி, இரண்டு பக்கமும் ரம்பப் பல். நடு வட்டின் மேலே மூன்று விரலை விரித்த மாதிரி குட்டிக் குட்டி முட்கள், நூற்றுக்கணக்கில். கையின் அடிப்பக்கத்தில் நெடுக ஒரு கருங்கோடு, பேனாவால் இழுத்ததுபோல. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது. ஐயா பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"என்னம்மா அது, புழுவா? யாரு வயித்துலேர்ந்து வந்துச்சு?"

"வயித்துலேர்ந்து இல்லீங்கய்யா. காஞ்ச எறால்லேர்ந்து."

அவரும் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "இதையெல்லாம் யாரு பாக்கணும்னு ஆண்டவன் இவ்வளவு வேலை செஞ்சு வச்சிருக்கான்?" என்றார். பிறகு, "வேலை முடிஞ்ச பொறவு பாத்துக்க. எண்ணெ லென்ஸை மட்டும் தொடாத லா."

12 மார்ச்

ஒரு கணுவுக்கு, ஒரு பக்கத்தில், ஏழு முள். மறுபடியும் எண்ணினேன். ஏழுதான்.

21 மார்ச்

துரைமார் கிளப்பில் பூஞ்சை பிடித்த பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை வீசப் போகிறார்கள் என்று கேட்டு, கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லி நாலு புத்தகம் வாங்கி வந்தேன். அதில் இருக்கிறது! படமே போட்டிருக்கிறது. பிரிட்டில் ஸ்டார். தமிழில் என்ன சொல்வார்களோ, நானாக நொறுங்கு நட்சத்திரம் என்று வைத்துக்கொண்டேன்.

மூளை இல்லை. கண் இல்லை. பிடித்தால் பிடித்த கையை விட்டுவிட்டுப் போய்விடும், அப்புறம் புதிதாக முளைத்துக்கொள்ளும். கல்லடியில் கிடந்துகொண்டு கையை மட்டும் மேலே தூக்கி, ஓடுகிற தண்ணீரில் வருவதைப் பிடித்துத் தின்னும். இந்தச் சாதியில் ஆயிரக்கணக்கான வகையாம். என்னுடையது எது?

சாயங்காலம் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி, தேயிலைச் செடியை வரிசை வரிசையாக மூடிக்கொண்டே வந்தது. வாசலில் நின்று பார்த்தேன். அதற்கடியில் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருப்பார்களோ என்று தோன்றியது. பைத்தியம்தான். எனக்கு இருபத்தாறு வயது. மலையிறங்கிப் போனது தாப்பாவுக்கு நாலு தடவை, ஈப்போவுக்கு ஒரு தடவை. கடலைப் பார்த்ததே இல்லை.

27 மார்ச்

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "கடல் எப்படிங்க இருக்கும்?"

நவம்பருக்குப் பிறகு நானாகக் கேட்ட முதல் கேள்வி. வாய்க்குக் கொண்டுபோன சோறு அப்படியே நின்றது. "கடலா? ஈரமா இருக்கும்," என்றார். அத்தை சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

கை கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "கிட்டப் போறப்ப மொதல்ல சத்தந்தான். நம்ம ஃபேக்டரில ரோலர் ஓடும் பாரு, அந்த மாதிரி. ஆனா யாரும் சுவிட்சை நிப்பாட்ட மாட்டாங்க."

இருளப்பன் என்கிற இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

28 மார்ச்

கனவு. தேயிலை ஃபேக்டரி முழுக்கத் தண்ணீர். தரையில் இலைக்குப் பதில் கைகள் அசைந்துகொண்டிருந்தன. பயமே இல்லை.

4 ஏப்ரல்

பினாங்கில் கடலடி உயிர்களை ஆராய்கிற டாக்டர் லிம் சியூ எங் என்ற அம்மாவைப் பற்றி ஆங்கிலப் பேப்பரில் வந்திருந்தது. அவருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை கிழித்து நாலாவது தடவை. பென்சிலால் படம் வரைந்து வைத்தேன். மேல்பக்கம், அடிப்பக்கம், ஒரு கணு தனியாகப் பெரிதாக. அதே மூட்டையிலிருந்து இன்னும் இரண்டு கிடைத்திருப்பதையும் சொன்னேன். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரி எழுதுகிறாள் என்று சிரிப்பாரோ? சிரிக்கட்டும்.

16 ஏப்ரல்

போச்சு. எல்லாம் போச்சு.

மூணு தீப்பெட்டியையும் அத்தை அடுப்புல போட்டுட்டாங்க. வேலை முடிஞ்சு வந்து பாக்குறேன், அலமாரி சுத்தமா இருக்கு. "செத்ததையெல்லாம் டப்பால வச்சு வீட்டுக்குள்ள பூட்டி வைப்பாங்களா யாராச்சும்? இதுக்குத்தான் இந்த வூட்டுல ஒண்ணும் வெளங்கல"ன்னாங்க.

நான் கத்தினேன். கத்தினது நான்தானா? "எனக்கு ஒண்ணையாச்சும் முழுசாப் பாக்க விட்டீங்களா நீங்க? ஒண்ணையாச்சும்?"

வாயை விட்டு வந்த பிறகுதான் எதைச் சொன்னேன் என்று புரிந்தது. அத்தைக்கும் புரிந்துவிட்டது. அப்படியே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எழுதிவிடுகிறேன். இதுவரை எழுதவில்லை. நவம்பர் மூன்றாம் தேதி, நான் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில், பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், நினைவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தபோது எல்லாம் முடித்துவிட்டிருந்தார்கள். ஆணா பெண்ணா? நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை.

இன்று நான் கத்தியபோது அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

2 மே

பினாங்கிலிருந்து கடிதம்! இரண்டு பக்கம், டைப் அடித்தது.

படம் தெளிவாக இருக்கிறதாம். கண்ணாடி முள்ளும் மூவிரல் முள்ளும் இருப்பதால் ஓபியோதிரிக்ஸ் என்ற பேரினத்தின் பக்கம் வருமாம். ஆனால் இந்தக் கரையில் அவர் பார்த்தவை எதிலும் ஏழு முள்ளும் அடியில் கருங்கோடும் சேர்ந்து இல்லை. படத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது, உருப்படியை அனுப்பு என்கிறார். கடைசியில் ஒரு வரி: "எந்த இடத்தில் பிடிபட்டது? இடம் தெரியாத உயிரை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது."

உருப்படி சாம்பலாகிவிட்டது. இடம்? பிரிஞ்சாங் மளிகைக் கடை என்று எழுதவா?

8 மே

கடிதத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். முழுக்கக் கேட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் காலிச் சாக்கோடு திரும்பினார். கடைக்காரத் தௌகே கொல்லையிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம், மார்ச்சு மாதத்து இறால் வந்த சாக்கு. ஓரத்தில் சிவப்பு மையில் சீன எழுத்து முத்திரை.

"ஈப்போ கிட்டங்கி முத்திரை இது. அங்க கேட்டா எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும் லா. போறப்ப கேக்குறேன்."

"ஒங்களுக்கு எதுக்குங்க இந்தச் செரமம்?"

"எனக்கும் தெரிஞ்சிக்கணும்," என்றார்.

19 மே

ஈப்போ கிட்டங்கிக்காரன், தெலுக் ஆன்சன் வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னானாம்.

30 மே

தெலுக் ஆன்சன் வியாபாரி கரையோரத்து மூன்று மீனவர் குப்பத்திலிருந்து வாங்குகிறானாம். எதிலிருந்து எது என்று அவனுக்கே தெரியாது.

6 ஜூன்

அவருக்கு ஒரு யோசனை. கரையோரம் ஓடுகிற லோரிக்காரர்கள் எல்லாரையும் தெரியும். ஒவ்வொரு குப்பத்திலும் இறால் காயப்போடும் பாயைக் கூட்டினால் விழுகிற குப்பை ஒரு கைப்பிடி. அதைப் பேப்பரில் மடித்து, மேலே ஊர்ப்பெயரை எழுதித் தரச் சொன்னால்?

"சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சிட்டுக் கொண்டாந்து குடுப்பானுங்க."

11 ஜூலை

பொட்டலம் ஆறு வந்துவிட்டது. வீடே கருவாட்டு நாற்றம். நண்டுக் கால், சிப்பித் துண்டு, மீன் செதில். சாயங்காலம் பாயில் கொட்டி ஊசியால் கிளறிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தார். ஏப்ரலுக்குப் பிறகு எங்களுக்குள்ளும் பேச்சு குறைவு. ஒரு பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முப்பது வருடமாக இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ளிய கண். கால் மணி நேரத்தில் நீட்டினார். "இது ஒன் பூச்சிதானே, பாரு."

அதேதான். கருங்கோடு தெரிந்தது. பொட்டலத்தின் மேல் "பாகான் லிப்பாட்" என்று இருந்தது. தெலுக் ஆன்சனுக்குக் கீழே ஆற்றுமுகத்தில் உள்ள சீனர் குப்பம்.

"நான் ஒண்ணும் நெனச்சு எரிக்கல," என்றார் அத்தை, பாயைப் பார்த்துக்கொண்டே. "தெரியும் அத்தை," என்றேன்.

15 ஆகஸ்டு

காலண்டரின் பின்பக்கத்தில் மேற்குக் கரையை வரைந்தேன். மொத்தம் ஒன்பது ஊர். ஆறில் வேறு வகைகள் அல்லது ஒன்றுமே இல்லை. மூன்றில் மட்டும் ஏழு முள். குவாலா குராவுக்கு வடக்கே கிடையாது. சபாக் பெர்னாமுக்குத் தெற்கே கிடையாது. நடுவில், கண்டல் காட்டுச் சேற்று ஆறுகள் கடலில் விழுகிற இடங்களில் மட்டும். ஒரு துணுக்கை பிளீச்சிங் தண்ணீரில் போட்டுச் சதை கரைந்ததும் முள்ளை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு ஊருக்கும் அப்படி.

மூன்று புள்ளி. பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு.

2 செப்டம்பர்

டாக்டர் லிம் பாராட்டியிருக்கிறார். ஆனால் விடவில்லை. சாக்குக்குச் சாக்கு கலந்திருக்கலாம், பாய்க்குப் பாய் ஒட்டியிருக்கலாம். அந்தச் சேற்றில் அது உயிரோடு இருப்பதை யாராவது கண்ணால் பார்த்து, முழுசாக ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

வீட்டுக்காரரைப் போகச் சொன்னேன். "நானா? நான் போனா மண்புழுவப் புடிச்சிட்டு வருவேன். நீயே வா," என்றார்.

19 செப்டம்பர்

தெலுக் ஆன்சனில் ஒரு தங்கும் விடுதியில் எழுதுகிறேன். நகத்துக்குள் சேறு போகவே மாட்டேன் என்கிறது.

கடல் நீலமாக இல்லை. பால் ஊற்றிய தேத்தண்ணி நிறம். அலைகூட இல்லை. நீர் வற்றி, கண்ணுக்கெட்டின தூரம் சேறு, சேற்றின்மேல் வானம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஏமாற்றமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இல்லை. நடக்க நடக்க, கனவுக்குள் இறங்கிப் போகிற மாதிரி இருந்தது.

குப்பத்துச் சீனத்தி ஒருவர் சிப்பி பொறுக்கப் போகும் பலகையைக் கொடுத்தார். ஒரு முழங்காலை அதில் ஊன்றி, மறு காலால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை விழுந்தார். பட்டுப்போன கண்டல் வேரில் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. ஒரு கொத்தைப் புரட்டினேன்.

இருந்தது.

உயிரோடு. ஊதா நிறம். காய்ந்ததில் நிறமே தெரியாது. கைகளில் வெள்ளை வளையம், அடியில் கருங்கோடு. வெளிச்சம் பட்டதும் ஐந்து கையும் ஒன்றாக நெளிந்து இருட்டைத் தேடியது. ஆஸ்பத்திரி போத்தலில் எட்டு பிடித்தேன். ஒன்று தன் கையை என் உள்ளங்கையிலேயே விட்டுவிட்டது. அந்தத் துண்டு கொஞ்ச நேரம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

போத்தலுக்குள் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிப் போட்டேன்: இடம், தேதி, பிடித்தவர். "என் பேரு எதுக்கு?" என்றார். "இடத்தக் கண்டுபுடிச்சது நீங்கதானே."

அந்த வேரின் மேலேயே உட்கார்ந்தோம். தண்ணீர் திரும்பி வர இன்னும் நேரமிருந்தது. நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. நவம்பர் என்ற சொல்லை மட்டும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பொம்பளப் புள்ள," என்றார்.

சேற்றில் சின்னச் சின்னதாக எங்கும் குமிழ் உடையும் சத்தம்.

"முடி நெறைய இருந்துச்சு. ஈரமா, நெத்தில ஒட்டிக்கிட்டு. ஒன் காது. வெரல் ரொம்ப நீளம். நான் ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தேன், பத்தும் இருந்துச்சு. டிரஸ்ஸர் ஐயா டவல் குடுத்தாரு. ஆஸ்பத்திரிக்கு மேல, பதிமூணாம் நம்பர் மலை ஓரத்துல, பெரிய மரம் இருக்குல்ல, அங்க. நானேதான் வெட்டினேன். யாரையும் தொட வுடல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேப்ப, சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கவே இல்ல. நான் நெனச்சேன், நான் கொண்டு போனதுல ஒனக்குக் கோவம்னு."

நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவே இல்லை என்று. பார்க்காமல் யாரிடமோ கொடுத்துவிட்டார் என்று. பத்து மாதம் அப்படி நினைத்துக்கொண்டு இந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன்.

அவர் அழுதார். நான் அழவில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சேறு, அவர் முடியெல்லாம் சேறு. தண்ணீர் வந்து காலைத் தொட்டபோதுதான் எழுந்தோம்.

20 செப்டம்பர்

லோரியில் ஏறும் வழியெல்லாம் பேசினோம். தாப்பா தாண்டியதும் குளிர ஆரம்பித்தது. போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

3 நவம்பர்

மூன்று பேரும் பதிமூணாம் நம்பர் மலைக்குப் போனோம். அத்தைதான் முன்னால் நடந்தார்.

17 பிப்ரவரி 1977

டாக்டர் லிம்மால் முடிவு சொல்ல முடியவில்லை. எட்டில் இரண்டை ஐரோப்பாவில் ஒரு மியூசியத்துக்கு அனுப்பிவிட்டாராம். ஒரு வருடம்கூட ஆகலாம். புது வகையாக இருந்தால் பெயர் வைக்க என்னிடமும் கேட்பாராம். டிரஸ்ஸர் ஐயா இப்போதே, "என் பேரையும் ஞாபகத்துல வச்சிக்க" என்கிறார்.

11 அக்டோபர்

ஒன்றும் வரவில்லை. ஸ்லைடு பதினாறு.

24 மே 1978

வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே படித்தேன்.

புது வகை இல்லை.

மியூசியத்துக்காரர் பழைய அலமாரிகளைத் தேடியிருக்கிறார். தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு கப்பல்காரன் கொடுத்த காய்ந்த உருப்படி ஒன்று. அதற்கு அப்போதே பெயர் வைத்துவிட்டார்கள். ஏழு முள், அடியில் கருங்கோடு. ஆனால் சீட்டில் "கிழக்குக் கடல்கள்" என்று மட்டும் இருந்ததாம். உலகத்தில் அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு எவரும் எங்கும் பார்க்கவில்லை. அப்படி ஓர் உயிரே கிடையாது, சீட்டுத்தான் மாறியிருக்கும் என்றுகூடச் சிலர் எழுதினார்களாம். அது எங்கே வாழ்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது, மூன்று புள்ளிகளோடு, என்று எழுதியிருக்கிறார்.

பெயர் வைக்க முடியாமல் போனதில் வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தொண்ணூறு வருடமாக இருட்டு இழுப்பறையில் ஒன்று கிடந்திருக்கிறது, அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் இங்கே ஊதா நிறத்தில் கையாட்டிக்கொண்டு.

அத்தையிடம் சொன்னேன். "அப்ப நம்ம பூச்சிக்கு ஏற்கனவே பேரு இருக்கா? நல்லதாப் போச்சு. செலவு மிச்சம்," என்றார்.

30 நவம்பர்

டாக்டர் லிம் அச்சடித்த கட்டுரையை அனுப்பியிருக்கிறார். கரையோரப் படம். இப்போது ஐந்து புள்ளி. அவருடைய மாணவர்கள் இன்னும் இரண்டு இடத்தில் கண்டிருக்கிறார்கள். அடியில் என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும். அவர் தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆங்கிலத்தில் தன் பெயர் இவ்வளவு நீளமா என்று கேட்டார்.

கூடவே இன்னொரு தாள். டாக்டர் லிம்முடைய ஆய்வுக்கூடத்தில் உதவியாள் வேலை காலி. எழுதிப் போடு என்கிறார்.

8 டிசம்பர்

நான் போக மாட்டேன் என்றேன். அத்தை தனியாக இருப்பாரே. "நானா தனியா? லைன்ல நாப்பது வூடு இருக்கு. போம்மா. கண்ணு இருக்கறப்பவே பாக்க வேண்டியதப் பாத்துடணும்," என்றார். வீட்டுக்காரர் ஏற்கனவே பினாங்கில் மீன் லோரி ஓட்ட வேலை கேட்டு வைத்துவிட்டாராம். எனக்குத் தெரியாமல்!

டிரஸ்ஸர் ஐயா சான்று எழுதிக் கொடுத்தார். மூன்று பிழை. திருத்தவில்லை.

14 ஆகஸ்டு 1979, பினாங்கு

டாக்டர் லிம்முக்குத் தொண்டைக் காய்ச்சல். லங்காவிப் பக்கத்துத் தீவுகளுக்குப் போகிற பயணத்தை இந்தத் தடவை நானே நடத்த வேண்டுமாம். மாணவர்கள் நாலு பேர், படகு ஒன்று, போத்தல் அறுபது. முடியுமா என்று அவர் கேட்கவே இல்லை, பட்டியலை நீட்டினார்.

இவர் விடியற்காலை மீன் இறக்கிவிட்டு வந்து சோறு கட்டிவைத்துவிட்டார். அத்தை வந்து ஒரு வாரமாகிறது. வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறார், கிளம்பும் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நாளைக்குத் தீவில் நீர் வற்றுவது காலை ஆறு பத்துக்கு. மாணவப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்று "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். எழுத நேரமில்லை.